மீன்காரியின் மூன்று நிமிடம்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளை எல்லோரும் மீன்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்பில் கோடு போட்ட குட்டி மீன்களைத் தொட்டிகளில் வளர்ப்பவள். நம் காதுக்குள் ஓசையை உணரும் செல்கள் இருக்கின்றனவே, அவற்றைப் போன்றவை அந்த மீன்களின் மேல்தோலில் உண்டு. மருந்து வைத்து அவற்றைக் கெடுத்துவிட்டு, மறுபடி முளைப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட வேலை. மனிதருக்குப் போனால் போனதுதான். மீனுக்கு மட்டும் எப்படித் திரும்பி வருகிறது, அதை மனிதருக்கு வரவழைக்க முடியுமா என்று யாராவது கேட்டால், இன்னும் தெரியாது என்று பட்டென்று சொல்லிவிடுவாள்.

அந்தத் 'தெரியாது' பயிற்சி வகுப்பில் அடிபட்டுப் போனது.

பயிற்சியைப் பற்றிப் பேச்செடுத்தாலே எரிச்சல்தான் வருகிறது. ஆய்வு மாணவர்களின் திறனை மேம்படுத்துகிறார்களாம். சான்றிதழ் இல்லையென்றால் ஆய்வேட்டைக் கையால்கூடத் தொட மாட்டார்களாம். நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்ற வகுப்பு தாமதமாகத் தொடங்கித் தாமதமாக முடிந்தது. மன அழுத்தம் குறைக்கும் வகுப்புக்கு வராதவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று சுற்றறிக்கை வந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் இன்னொரு பக்கம் உயிரை வாங்கினார். நீ அங்கே போய் உட்கார்ந்துகொண்டால் மீனுக்கு யார் தீனி போடுவது என்று கேட்டார். அவர் போட்டால் மீன் தின்னாதா என்ன!

கடைசி வகுப்பு, அறிவியலைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்வது. அந்தப் பயிற்சியாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் கைதட்டு. யார் வாயைத் திறந்தாலும், "எல்லாரும் ஒரு தடவ கைதட்டுங்க" என்பார். மூன்று நிமிடத்தில், பக்கத்து வீட்டுக்காரருக்கும் புரிகிற மாதிரி, அவரவர் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். நல்ல விஷயம்தான், அதில் அவளுக்குத் தகராறே இல்லை. ஆசையாகத்தான் எழுதிக்கொண்டு போனாள்.

கைதட்டு பேனாவை எடுத்தார். 'ஒருவேளை' போனது. 'இப்போதைக்கு' போனது. 'தெரியாது' என்பது மேடையில் சொல்லவே கூடாத சொல் என்று அதையும் அடித்தார். கடைசியில் மீன் மேலேயே கை வைத்தார். அவள் விடாமல் மல்லுக்கு நின்றாள்.

"மீன்னா யாரும்மா உக்காந்து கேப்பாங்க? மனுஷங்களப் பத்திப் பேசு. இழந்த செவித்திறன் திரும்பி வரப் போகுதுன்னு ஆரம்பி. பொய்யா சொல்றோம்? சுருக்குறோம், அவ்வளவுதான்."

சான்றிதழ் அவர் கையில் இருந்தது, தொட்டியில் மீன் பட்டினி கிடந்தது. தொலையட்டும் என்று தலையாட்டிவிட்டாள். மேடையேறி அழகாகப் பேசினாள். முதல் பரிசும் வாங்கினாள். பேச்சு முழுவதையும் கீழே எழுத்தாகப் போட்டு, பல்கலைக்கழகம் வீடியோவை வெளியிட்டது. அவளும் பெருமையாக அம்மாவுக்கு அனுப்பி வைத்தாள். வம்பை விலைக்கு வாங்கினாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

அவள் அப்பா லேத் பட்டறையில் காலமெல்லாம் இரும்பு கடைந்தவர். அந்த இரைச்சல் காதைத் தின்றுவிட்டது. காது மெஷின் வைத்துக்கொள்ளச் சொல்லி அம்மா கெஞ்சாத நாள் இல்லை. தள்ளிப்போட்டால் பேச்சைப் புரிந்துகொள்ளும் பழக்கமே விட்டுப்போகும் என்று டாக்டர் பயமுறுத்திய பிறகுதான் மெஷினுக்கு அளவு கொடுக்கவே போனார். வீடியோ போன மறுநாள் அம்மா போனில் கொதித்தாள்.

"உங்கப்பா மெஷினே வேணாம்னுட்டாரு. பொண்ணு காதச் சரி பண்ணப் போறாளாம். நீயே வந்து பேசிக்கோ, என்னால முடியாது."

அடுத்த பஸ்ஸில் ஏறி வந்தாள். அப்பா சிரித்த முகமாகப் போனை நீட்டினார். அதில் அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து விளக்கினாள். கைதட்டு சொல்லிக் கொடுத்தபடியே கண்ணைப் பார்த்து, கையை ஆட்டி, இடம் பார்த்து நிறுத்திப் பேசினாள். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அப்பாடா, புரிந்துவிட்டது என்று அவள் மூச்சு விடுவதற்குள் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணும் விழல. சும்மா ஆட்டுறாரு."

பொறுமை போய்விட்டது. "அப்பா, அது மீனுக்கு!" என்று கத்தினாள்.

அப்பா போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"மீனுக்கா? காது கேக்காதுன்னு கீழ இருக்குற எழுத்த எத்தனையோ தடவ படிச்சுப் படிச்சுப் பாத்தேன்மா. இதுல மீனே இல்லையே."

இத்தனை நாளும் கைதட்டைத் திட்டித் தீர்த்தவள்தான் அவள். பேனா அவருடையது, சரி. மேடையேறிப் பேசியது யார்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சரி, மனுஷங்களுக்கு எப்ப வரும்?" என்று கேட்டார் அப்பா.

"தெரியாதுப்பா."

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். விழவில்லை. அவள் நாற்காலியை ஒட்டிப் போட்டு, அவர் காதருகே குனிந்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"தெரியாதுப்பா. யாருக்குமே தெரியாது. நான் அதச் சொல்லாம விட்டுட்டேன்."

அப்பாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, அந்த மெஷின் கடை நாளைக்குத் திறந்திருக்குமா என்று கேட்டார். திறந்திருக்கும் என்றாள் அம்மா.

"என்ன சொல்றா?" என்று மகளிடம் கேட்டார். அதையும் அவள்தான் கத்திச் சொன்னாள்.