ஆனந்தமேரி டீச்சரும் ஐந்தரை பஸ்ஸும்

ஆனந்தமேரி டீச்சருக்கு எதையும் கேட்காமல் இருக்க முடியாது. வீடு அகரத்தில், வேலை ரெட்டியார்சத்திரத்தையும் தாண்டி ஒரு தொடக்கப் பள்ளியில். இரண்டு பஸ் மாறி ஏழு வருடமாகப் போய் வந்தார். அந்த ஏழு வருடத்தில் எல்லா கண்டக்டரையும் ஏதாவது கேட்டு முடித்திருப்பார்.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் நான்சி சாயங்காலம் பூட்டிய வீட்டுக்கு வந்து, படியில் உட்கார்ந்திருப்பாள். அவள் வருவதற்குள் வீடு திரும்ப வேண்டும். அதற்கு அகரம் பள்ளிக்கு மாறுதல் கிடைக்க வேண்டும்.

மாறுதலுக்கு யார் பெயரைச் சிபாரிசு செய்வது என்பது எங்கள் ஆசிரியர் சங்கத்தின் வட்டாரத் தலைவர் சடையாண்டி கையில் இருந்தது. கையில் என்ன, சட்டைப் பையில். அங்கே ஒரு சிறிய டைரி. "இந்த ஜூன்ல உறுதிம்மா" என்று அவர் சொல்லியிருந்தார். பதினைந்து வருடமாக அவரே தலைவர். நான் அவருக்கு எழுத்தர். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று என்னைப் பிடித்து, கூட்டத் தீர்மானங்களைப் பதியும் மினிட் நோட்டு எழுத வைத்திருந்தார்கள். பெருமையாகத்தான் எழுதினேன்.

1996-இல் ஒரு நாள், ஏதோ பழைய தீர்மானம் பார்க்க வேண்டுமென்று டீச்சர் அந்த நோட்டை வாங்கினார். புரட்டிக்கொண்டே போனவர் ஒரு பக்கத்தில் நின்றார்.

"சார், நான் தலைவரை ஒருமனதாத் தேர்ந்தெடுத்தேன்னு போட்டிருக்கே?"

"கையெழுத்துப் போட்டிருக்கீங்களே டீச்சர்."

"அது உள்ள வரும்போது போட்டது. தேர்தல் கடைசில ஆறு மணிக்குத்தான நடக்கும்? நான் அஞ்சரை பஸ்ல போயிட்டேன். பஸ்ல உக்காந்துக்கிட்டு எப்படி சார் கை தட்டுனேன்?"

பள்ளிக்கூடத்தில் நுழைந்ததும் கையெழுத்துப் போட்டுப் பழகிய ஜாதி நாங்கள். நோட்டை நீட்டினால் எதற்கென்று கேட்க மாட்டோம். எழுபத்தொரு உறுப்பினர்களில் நாற்பத்து மூன்று பேர் பெண்கள். அவர்கள் எல்லோரும் ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆண்களிலும் பாதிப் பேர் அதோடு நழுவிவிடுவார்கள். மிச்சமிருக்கும் பத்துப் பதினொரு பேர் கை தட்டுவோம். நான் மேலே தீர்மானத்தை எழுதிக் கையெழுத்துகளோடு சேர்த்துவிடுவேன். தப்பு என்று தோன்றியதே இல்லை. அன்றைக்குத் தோன்றியது, வெட்கமாக இருந்தது.

விஷயம் சடையாண்டி காதுக்குப் போனது. "டீச்சருக்கு அகரம் வேணுமா வேணாமான்னு கேட்டு வாப்பா" என்று என்னையே அனுப்பினார். போய்ச் சொன்னேன்.

"வேணும் சார். பிள்ளை படியில உக்காந்திருக்கே."

அடங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த பொதுக்கூட்டம் திண்டுக்கல்லில். வழக்கம்போல வாசலில் நோட்டு. ஆனந்தமேரி கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் 'வந்த நேரம் 3.00' என்று எழுதினார். பின்னால் வந்த பெண்களும் அப்படியே எழுதினார்கள். பஸ் பஸ்ஸாக ஏறிப் பேசி வைத்திருக்கிறார்! ஐந்தரைக்கு அத்தனை பேரும் வரிசையாக வந்து, 'போன நேரம் 5.30' என்று எழுதிவிட்டு இறங்கினார்கள்.

"இதென்ன, பள்ளிக்கூடமா?" என்று சடையாண்டி கத்தினார்.

"பழகின கை அண்ணே" என்றார் டீச்சர், செருப்பை மாட்டிக்கொண்டே.

சங்க விதிப்படி தேர்தலுக்கு மூன்றில் ஒரு பங்கு ஆள் வேண்டும். நாங்கள் பதினொரு பேர். சடையாண்டி என்னைப் பார்த்தார். நான் பேனாவை மூடினேன். என் வாழ்க்கையில் நான் செய்த வீரம் அவ்வளவுதான்.

மறு கூட்டத்தில் தேர்தல் முதலில் வந்தது, மூன்று மணிக்கு, சீட்டு எழுதிப் போட்டு. பெண்கள் ஆனந்தமேரியையே நிறுத்தினார்கள். நாற்பத்தொன்று, இருபத்தாறு. எண்ணியவன் நான்.

தலைவரானதும் டீச்சர் செய்த முதல் வேலை, மாறுதல் கேட்டவர்கள் பெயரையெல்லாம் மனுக் கொடுத்த தேதிப்படி எழுதிச் சங்கச் சுவரில் ஒட்டியது. டைரியில் முதலில் இருந்த ஆனந்தமேரி, சுவரில் பதினான்காவது ஆள்.

"உங்க பேர மேல போட்டுக்கங்க டீச்சர். ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"நான் கேப்பேனே சார்."

அந்தப் பட்டியல் மெதுவாக நகர்ந்தது. ஆறு வருடம் அதே இரண்டு பஸ். 2002 ஜூன் மாதம் அகரத்துக்கு ஆர்டர் வந்தது. அடுத்த மாதமே நான்சி கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள்.

டீச்சரை வீட்டில் பார்க்கப் போயிருந்தேன். மணி நாலரை. என்ன சொல்வதென்று தெரியாமல், "இப்ப நேரத்துக்கு வந்துடுறீங்க போல" என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

டீச்சர் வாசல் படியைப் பார்த்தார்.

"இந்த நேரத்துல வெயில் சரியா இந்தப் படி மேலதான் விழுது சார். இம்புட்டு வருசமும் அது எனக்குத் தெரியாது. பிள்ளை ஒரு நாளும் சொல்லலையே, ஏன் சார்?"

நான் போய் அந்தப் படியில் உட்கார்ந்து பார்த்தேன்; கல் சுட்டது.