வெள்ளை முளை

பச்சை வேலங்கட்டையில் ஈட்டி முனை ஏறும்போது ஒரு சத்தம் வரும். கோடரி விழுகிற சத்தமில்லை அது; அதைவிடச் சின்னது, கொஞ்சம் ஈரமானது. மனுச உடம்பில் ஏறினாலும் ஏறக்குறைய இதே சத்தந்தான் என்று சித்தப்பா சொல்வார். அவர் காதால் கேட்டதில்லை. பட்டாளத்தில் பயிற்சி கொடுத்த கிழட்டு உஸ்தாத் ஒருவர் சொன்னாராம், அவரும் யாரோ சொல்லித்தான் கேட்டாராம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர் மேய்ச்சல் தரையில் அந்தச் சத்தம் எழும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்வேன், பொத்திய கையை உடனே எடுத்தும்விடுவேன். பயம் என்று பெயருக்குச் சொல்லலாம். உண்மையில் அது சந்தோசம்.

பர்கூருக்கும் போச்சம்பள்ளிக்கும் நடுவில் எங்கள் ஊர். கிரானைட் லாரிகள் ரோட்டை அரைத்துக்கொண்டிருந்த காலம் அது. கம்பெனி பஸ் வந்து பெண்களை ஷிப்டுக்கு ஏற்றிப்போகத் தொடங்கியிருந்தது. வீட்டுக்கு ஒரு பைக் வந்துகொண்டிருந்தது. அந்த இரண்டாயிரங்களில், ஊரே சக்கரத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டில் மட்டும் ஒரு குதிரை நின்றது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, ராணுவத்தின் குதிரைப் பிரிவில் பதினேழு வருசம் இருந்துவிட்டு வந்தவர். பதினேழு வருசத்தில் ஒரு சண்டையைக்கூடப் பார்க்காதவர். சண்டைக்கு டாங்கி போய்விடும். குதிரைகள் அணிவகுப்புக்கும், வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தால் சாரட்டுக்கு முன்னால் ஓடவும் இருந்தன. இது தெரிந்துபோன நாளிலிருந்து ஊர்க்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் "கல்யாணக் குதிரை". டீக்கடையில் யாராவது அப்படிச் சொன்னால் அவர் சிரிப்பார். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிடுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கு இருந்தது ஒரு குறையும் ஒரு குதிரையும்தான்.

குதிரையின் பெயர் பிஜிலி. இந்தியில் மின்னல் என்று அர்த்தம். எங்கள் ஊர் வாயில் அது "பிச்சிலி" ஆகிவிட்டது. அந்தியூர்ச் சந்தையில் வாங்கிவந்த பெட்டைக் குதிரை, கறுப்பும் சிவப்புமாக ஒரு நிறம், காது நுனி இரண்டும் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடப்பார்க்கும். சித்தப்பா அதற்குப் பட்டாளத்துப் பாடத்தை முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். தரையில் ஒரு வேலங்கட்டை முளையை அடித்து, தூரத்திலிருந்து தெரியட்டும் என்று அதற்குச் சுண்ணாம்பு பூசி வைப்பார். கடிவாளத்தைத் தளர்த்தி, ஈட்டி முனையைக் கீழே இறக்கினால் போதும், வெள்ளையைப் பார்த்து பிஜிலி நேராகப் பாயும்; போகிற போக்கில் அவர் முளையைக் குத்திப் பிடுங்கிக்கொண்டு போவார். பக்கத்தில் எது நின்றாலும் விலகக்கூடாது, எது வெடித்தாலும் மிரளக்கூடாது. அதற்காக எங்களைத் தகரத் தட்டைத் தட்டச் சொல்வார், ஊசிவெடி கொளுத்தச் சொல்வார், வைக்கோல் அடைத்த சாக்கு மனுசர்களை முளைக்குப் பக்கத்திலேயே நிறுத்துவார். முதல் மாதம் விலகி ஓடிய குதிரை, மூன்றாம் மாதம் சாக்கு மனுசனை மார்பால் இடித்துச் சாய்த்துவிட்டு முளைக்குப் போனது. அன்று சித்தப்பா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். திருவிழாக்களில் இந்த "முளை குத்துற ஆட்டம்" காட்டித்தான் அவர் பிழைப்பு ஓடியது.

இது விளையாட்டே இல்லை என்று அடிக்கடி சொல்வார். விடியலில் எதிரிப் பாசறைக்குள் குதிரைகள் புகுந்து கூடாரத்து முளைகளைப் பிடுங்கிப்போட, துணி சரிந்து உள்ளே தூங்குகிறவர்களை மூடிக்கொள்ள, அடுத்த வரிசைக் குதிரைக்காரர்கள் துணிக்கு மேலேயே குத்திக்கொண்டு போவார்களாம். துணி எங்கே அசைகிறதோ அங்கே. யானையின் கால் நகத்தைக் குத்திப் பழகத்தான் முளை வந்தது என்றும் ஒரு கதை. குத்திய ஈட்டியைக் கையை முறுக்கிப் பின்னால் விடவேண்டும், ஓடுகிற வேகத்தில் குத்துப்பட்டவன் உடம்பு தானாகக் கழன்று விழும், இழுத்தால் தோள் பிசகிவிடும் என்று சோறு பிசைந்தபடியே சொல்வார். எங்கள் பக்கத்துக் கதையும் உண்டு. மைசூர்ப் படையும் கும்பினிப் படையும் இந்தக் காட்டிலும் மேட்டிலும் மோதிக்கொண்டபோது, காலாட்கள் செத்தவன் மாதிரிப் படுத்துக்கிடந்து, மேலே பாய்கிற குதிரையின் கால் நரம்பைக் கத்தியால் அறுப்பார்களாம். குதிரை விழுந்தால் ஆள் தானாக வருவான். அப்புறம் வந்தது மெஷின் துப்பாக்கியும் முள்கம்பியும். கம்பியில் குடல் மாட்டிய குதிரைகள் இரண்டு நாள் கத்திக்கொண்டே கிடந்தன என்பார். அம்மா வந்து, "புள்ளைங்ககிட்ட பேசற பேச்சா தம்பி இது?" என்று அதட்டினால் நிறுத்துவார். ரத்தக் கதை என்றால் எங்களுக்குச் சோறு வேண்டாம். இன்னும், இன்னும் என்று பிடுங்குவோம்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருசம் மனை போடுகிறவர்கள் வந்தார்கள். ஓசூரில் ஆரம்பித்த "பிளாட்" பைத்தியம் கிருஷ்ணகிரியைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கியிருந்தது. பெங்களூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் எங்களைச் சுற்றியிருந்த மானாவாரிக் காடுகளை வாங்கினார். வாங்கியதோடு நிற்காமல் நடுவிலிருந்த மேய்ச்சல் புறம்போக்கையும் சேர்த்து அளந்து, ஒரு வாரத்தில் வரிசை வரிசையாகக் கல் நட்டுவிட்டார். எங்கள் நிலத்துக்கு வண்டிப்பாதை அந்தத் தரை வழியாகத்தான் போனது. பாதை போனால் நிலம் போனமாதிரிதான். வேறு வழியில்லாமல் அவருக்கே விற்கவேண்டி வரும், அதுதான் கணக்கு. ஊர்க்காரர்கள் போய்க் கேட்டார்கள். அந்த ஆள் தெலுங்கில் பாதி, கன்னடத்தில் பாதியாக மரியாதையாகத்தான் பேசினார். மறுநாள் இரண்டு சுமோவில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்.

அன்று சாமல்பட்டிப் பக்கம் ஒரு கோயில் ஊர்வலத்துக்கு சித்தப்பாவுக்கு அழைப்பு. தலைப்பாகை கட்டி, பித்தளைப் பொத்தான் தேய்த்து, பிஜிலிக்குச் சேணம் போட்டு, ஈட்டியோடு கிளம்பி நின்றார். அப்பாவும் இன்னும் சிலரும் கடப்பாரையோடு கல்லைப் பிடுங்கப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். "உங்கண்ணன கொன்னுட்டாங்கடா" என்று சித்தப்பாவிடம் கத்தினாள். சித்தப்பா ஏறியதை நான் பார்க்கவில்லை, தெருப்புழுதியைத்தான் பார்த்தேன். நானும் அம்மாவும் ஏரிக்கரை மேல் ஓடினோம்.

கரை மேலிருந்து எல்லாம் தெரிந்தது. அப்பா சாகவில்லை. மண்டை பிளந்து, முகம் முழுக்க ரத்தமாக, மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முதுகில் இரும்புக் குழாயால் ஒருவன் அடித்துக்கொண்டிருந்தான், கதிர் அடிக்கிறவன் மாதிரி நிதானமாக. எங்கள் ஆட்கள் கல்லை எறிந்தார்கள்; ஒருவனுக்குப் பல் தெறித்தது. சித்தப்பா நினைத்தது இவ்வளவுதான் என்று பிறகு சொன்னார்: குதிரை புகுந்தால் கூட்டம் ஒதுங்கும், ஒதுங்கினால் அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். மிரட்டுவதற்காகக் கடிவாளத்தைத் தளர்த்தி ஈட்டியைக் கீழே இறக்கினார்.

அவருக்கு எதிரே தரை நெடுக, வரிசையாக, புதுச் சுண்ணாம்பு அடித்த வெள்ளைக் கற்கள்.

பிஜிலிக்கு வேறென்ன தெரியும்? அப்பாவை விட்டது, கூட்டத்தை விட்டது, முதல் வெள்ளையைப் பார்த்து நூல் பிடித்தமாதிரிப் பாய்ந்தது. சித்தப்பா முழுப்பலம் போட்டு இழுத்தும் திரும்பவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் குழாயோடு நின்ற இளவட்டம் ஒருவன், குதிரை விலகிப்போகும் என்று நம்பி, நகராமல் நின்றான். சாக்கு மனுசனை இடித்தமாதிரியே அவனை மார்பால் இடித்துச் சாய்த்து, தொடைமேல் மிதித்துப் போனது. அவன் கத்திய கத்தல் எங்கள் கரை வரை வந்தது. அடுத்த நொடி, இன்னும் தாழ்ந்தே இருந்த ஈட்டி கல்லில் மோதியது. வேலங்கட்டை என்றால் பிடுங்கிக்கொண்டு வரும். அது பர்கூர்க் கருங்கல். ஈட்டி இரண்டாக முறிந்தது, அடித்தண்டு சித்தப்பாவின் வலது தோளை உடைத்து அவரைத் தூக்கி எறிந்தது, பிஜிலியின் முன்னங்கால் அடுத்த கல்லில் மாட்டி, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. சுமோக்காரர்கள் மிதிபட்டவனைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டார்கள். எங்கள் ஆட்கள் கைதட்டிக் கூச்சல் போட்டார்கள். உண்மையாகவே கைதட்டினார்கள்.

பிஜிலி எழுந்து நிற்கப் பார்த்தது. மூன்று காலில் எழும், ஒடிந்த காலை ஊன்றும், விழும், மறுபடி எழும். கால்நடை டாக்டர் வெளியூர் போயிருந்தார். அவருடைய உதவியாளர் வந்து காலைப் பார்த்துவிட்டு, இது ஒட்டாது, வலியில்லாமல் முடிக்கிற ஊசிக்குக் கிருஷ்ணகிரி போகணும் என்றார். கறிக்கடைக்காரரைக் கூப்பிட்டார்கள், குதிரைமேல் கத்தி வைக்க மாட்டேன் என்று அவர் திரும்பிப் போய்விட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சித்தப்பா ஊர்ந்து வந்தார். வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. குதிரையின் தலைப்பக்கம் உட்கார்ந்து, பட்டாளத்து இந்தியில், "தம்" என்றார். நில் என்பதற்கான ஆணை அது. பிஜிலி அடங்கியது. உடம்பு முழுக்க நடுங்கியது, ஆனால் தலையைத் தூக்கவில்லை. முறிந்த ஈட்டியின் முனையை இடது கையில் பிடித்து, தாடைக்குக் கீழே இடம் பார்த்து, உள்ளே விட்டார். இடது கையில் பலம் போதவில்லை. இரண்டாவது முறையும் விட்டார். அவர் சொன்ன சொல்லுக்காக அது கடைசி வரை அசையாமல் கிடந்தது. அம்மா என் கண்ணைப் பொத்தினாள். விரல் இடுக்கில் நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

"நான் சொல்லிக் குடுத்ததத்தான் அது செஞ்சுது" என்று ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் சொன்னார்.

நாங்கள் ஜெயித்தோம். இரண்டு பக்கமும் வழக்கு, ஸ்டேஷனில் பஞ்சாயத்து, கடைசியில் மனைக்காரர் பாதையை விட்டுக்கொடுத்தார். கட்டுப்போட்ட தோளோடு சித்தப்பாவை உட்காரவைத்து ஊர் மாலை போட்டது. "கல்யாணக் குதிரை" என்று சொன்ன அதே வாய்கள் இப்போது "குதிரைப்படைத் தளபதி" என்றன. மிதிபட்டவன் ஊத்தங்கரைப் பக்கத்துக் கூலிக்காரன், கால் மடங்காமல் கட்டையாகிப் போனது. அவனைப் பற்றி யாரும் பேசவில்லை. வருசத்துக்கு வருசம் கதை வளர்ந்தது. ஓடியவர்கள் பத்துப் பேரானார்கள், இருபதானார்கள். குதிரை தன் எசமானின் அண்ணனைக் காப்பாற்றப் பாய்ந்ததாக ஆனது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது கல்லைப் பார்த்துப் பாய்ந்தது, எங்கப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று ஒரு கல்யாணப் பந்தியில் கத்தியே விட்டேன். இலையை மடித்துவிட்டு மாமா ஒருவர் எழுந்துபோனார்.

மேய்ச்சல் தரை இப்போது இல்லை. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் வேலை பார்க்கிற மதுரைக்காரர்கள், திருச்சிக்காரர்கள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள், நல்ல ஜனங்கள். பிஜிலி விழுந்த இடத்தில் இரண்டு மாடி வீடு இருக்கிறது, வாசலில் கார் நிற்கிறது. ஆடு மேய்த்தவர்கள் ஆட்டை விற்றுவிட்டு கம்பெனி கேன்டீன் வேலைக்குப் போகிறார்கள். எங்கள் பாதை தார் ரோடாகிவிட்டது. அந்த ரோட்டில் போன தையில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம், வாடகைக் குதிரை, காதைக் கிழிக்கிற பாட்டு. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாத சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். குனிந்து, குதிரையின் வயிற்று வாருக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்து, ஒரு துளை தளர்த்தி மாட்டிவிட்டு வந்தார்.

ரோட்டோரத்துப் பையன்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கதை அவர்கள் வீடு வரைக்கும் போயிருந்தது. தாத்தா, நீங்க குதிரைல போயி சண்ட போட்டீங்களாமே, எத்தனை பேர அடிச்சீங்க என்று ஒருவன் கேட்டான். சித்தப்பா அவன் தலையில் கை வைத்தார்.

"சண்ட போட்டது நான் இல்ல சாமி, குதிர. எதுக்குன்னு அதுகிட்ட நாங்க யாருமே சொல்லல."