ஆளில்லாத கொட்டகை என்று எழுதினேன்

காலை 6.25. தாம்பரத்தில் செங்கல்பட்டு மின்சார ரயில் ஏறினேன். டிக்கெட் பத்து ரூபாய். தோள்பையில் கேமரா, இட்லிப் பொட்டலம், போன மாதம் வெளிவந்த ஓர் இதழின் நான்கு பிரதிகள். அதில் எட்டுப் பக்கத்துக்கு என் கட்டுரை வந்திருந்தது. உத்திரமேரூர் வட்டாரத்துப் பழைய சினிமாக் கொட்டகைகளைப் பற்றியது. அதைப் புத்தகமாக்கலாம் என்று ஒரு பதிப்பாளர் கேட்டிருந்ததால், இன்னும் சில படங்கள் எடுக்கத்தான் இந்தப் பயணம்.

வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுப்பது என் தொழில். நான்கு வருடமாக விடுமுறை நாட்களில் கொட்டகைகளைத் தேடிப் போய் அளந்து, வரைந்து, படமெடுத்து வருகிறேன். ஒன்று கல்யாண மண்டபமாகிவிட்டது. ஒன்றில் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். இன்னொன்றுக்கு முன்சுவர் மட்டும் மிச்சம், அதில் நீச்சல் குள விளம்பரம். உத்திரமேரூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் இருந்த கொட்டகை மட்டும் முழுசாக நின்றது. என் கட்டுரை அதில்தான் முடிந்தது.

அது முதலில் அறுப்புக் காலத்தில் மட்டும் கூடாரம் போட்ட டூரிங் டாக்கீஸ். பிறகு சுவர் எழும்பியது, தகரக் கூரை வந்தது. முன்னால் மணல் தரை, நடுவில் பெஞ்ச், கடைசியில் நாற்காலி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்புயரச் சுவர். டிவியும் கேபிளும் வந்து கூட்டம் குறைந்ததும் சில வருடம் நெல் மூட்டை போட்டார்கள். அப்புறம் பூட்டிவிட்டார்கள். இதையெல்லாம் காஞ்சிபுரத்தில் இருக்கும் உரிமையாளரிடமும், மெஷின் ஓட்டிய ஆபரேட்டரிடமும் பல முறை உட்கார்ந்து கேட்டு எழுதினேன்.

8.20. செங்கல்பட்டில் உத்திரமேரூர் பஸ். முப்பது கிலோமீட்டர், டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். பக்கத்தில் நெல் வியாபாரி ஒருவர். புக்கத்துறை கூட்ரோட்டில் பஸ் திரும்பும்போது என் கையிலிருந்த இதழைப் பார்த்துக் கேட்டார். நானே எழுதியது என்று சொல்லிக் கொடுத்தேன். நிதானமாகப் புரட்டினார். கடைசி வரியை வாய்விட்டுப் படித்தார்: ‘இன்று இந்தக் கொட்டகையில் வௌவால்களைத் தவிர வேறு மூச்சில்லை.’ படிக்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடக்கமாக இருப்பதாக அவர் நினைத்திருப்பார். முகத்தில் வந்த சிரிப்பை மறைக்கத்தான் திரும்பினேன்.

9.35. உத்திரமேரூர். ஏரி இந்த வருடம் நிரம்பிக் கிடந்தது. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பேசினேன், நூற்றைம்பது ரூபாய். வழி நெடுக நாற்று நட்டு முடித்த வயல்கள். கொட்டகை இருக்கும் திருப்பத்தில் நிறுத்தச் சொன்னேன். டிரைவர் நிறுத்தினார். கொட்டகை இல்லை.

செம்மண் அடித்து நிரவிய மனை. வரிசையாக வெள்ளை பூசிய கற்கள். கம்பங்களில் கலர் கலராகக் கொடி. ஓரத்தில் உடைந்த செங்கல் குவியல்.

“கொட்டாவா? அத்த இடிச்சி ரெண்டு மாசம் ஆவுது சார்,” என்றார் டிரைவர்.

முதலில் எனக்குத் தோன்றியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐயோ, புரொஜெக்டர் என்ன ஆயிற்று என்றுதான் நினைத்தேன். கேமராவை எடுத்து அந்தச் செங்கல் குவியலைப் பல கோணத்தில் எடுத்தேன். புத்தகத்துக்குக் கடைசிப் படம் கிடைத்துவிட்டது என்றுகூட ஒரு கணம் ஓடியது. அங்கே குடியிருந்தவர்கள் எங்கே என்ற கேள்வி அதற்கெல்லாம் பிறகுதான் வந்தது.

எதிரே டீக்கடை. நடத்துகிற அம்மாளிடம் ஒரு டீ வாங்கிக்கொண்டு கேட்டேன். பன்னிரண்டு ரூபாய் டீ. அவர் என்னையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ‘புக்கு’ எழுதினவரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் பலகைமேல் வைத்தார்.

அவர் சொன்னது இது. இடத்தை உரிமையாளரின் மகன் மனை போடுகிறவருக்கு விற்றுவிட்டார். கொட்டகையில் இருந்த கன்னியம்மாவையும் அவர் கணவர் ஏழுமலையையும் இரண்டு நாளில் கிளம்பச் சொன்னார்கள். இருளர் குடும்பம். போக இடமில்லாமல் ஏரிக்கரைக்குப் போனார்கள். இந்த ஊரிலேயே வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு போட்டார்கள். பதினைந்து நாளுக்கு முன்னால் விசாரணை. ரேஷன் கார்டு பழைய செங்கல் சூளை விலாசத்தில் இருந்ததால், இந்த ஊரில் குடியிருந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார்கள். உரிமையாளரின் மகனை விசாரித்தபோது, அங்கே யாருமே இருந்ததில்லை என்று சொல்லி ஓர் இதழை நீட்டியிருக்கிறார்.

என் கட்டுரை.

இங்கே போன தை மாதத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அன்று கொட்டகைக்குப் போனபோது கன்னியம்மாதான் கதவைத் திறந்துவிட்டார். டிக்கெட் கவுண்டரும் அதை ஒட்டிய அறையும் அவர்கள் வீடு. பதினொரு வருடமாகக் காவலுக்கு இருப்பதாகச் சொன்னார். ஆபரேட்டர் ரூமில் எனக்கு டார்ச் பிடித்தார். இரும்புக்கு ஆசைப்பட்டு வந்தவர்களிடமிருந்து மெஷினை ஏழுமலை இரண்டு முறை காப்பாற்றியதைச் சொன்னார். நான் குறித்துக்கொள்ளவில்லை. பாலில்லாமல் டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு, படத்தில் விழுகிறது என்று கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கச் சொன்னேன். திரைச் சுவருக்குக் கீழே இருந்த அடுப்பையும் பாத்திரங்களையும் ஒதுக்கச் சொன்னேன். பிறகு அவர்களையும் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னேன். முக்கால் மணி நேரம் படமெடுத்தேன். அவர்கள் வெயிலில், பின்சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு முறை, “முட்ஞ்சிதா சார், வரலாமா?” என்று சுவருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. இன்னும் கொஞ்சம் என்றேன்.

வீட்டுக்குப் போய் அந்தக் கடைசி வரியை எழுதினேன்.

11.20. டீக்கடை அம்மாள் காட்டிய பாதையில் வேலிக்காத்தான் புதர்களைத் தாண்டி ஏரிக்கரைக்கு நடந்தேன். ஒரு கிலோமீட்டர் இருக்கும். நடுவில் இரண்டு முறை நின்றேன். அப்படியே திரும்பிவிட்டால் யாருக்குத் தெரியும்?

கன்னியம்மா விறகு பிளந்துகொண்டிருந்தார். ஏழுமலை கரும்பு வெட்டப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

“கொட்டா சாரா? குந்து சார்,” என்று ஒரு சாக்கை விரித்தார்.

கட்டுரையைப் பற்றிக் கேள்விப்பட்டேன், தப்பு நடந்துவிட்டது என்றேன். தப்பு ‘நடந்துவிட்டது’ என்றுதான் வாயில் வந்தது. அவர் விசாரணையன்று நடந்ததைச் சொன்னார். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டாராம். உரிமையாளரின் மகன் என் பேரைச் சொல்லிப் படிக்க ஆரம்பித்ததும் இவருக்குத் தைரியம் வந்ததாம்.

“எனக்குப் படிக்கத் தெரியாது. உன் பேரு காதுல வுயுந்திச்சி. நம்ம வூட்ல டீ குடிச்சவராச்சே, நம்மளப் பத்தி நாலு வார்த்த போட்டிருப்பாருன்னு நெனச்சிக்கினு நின்னேன்.”

படம் நன்றாக வர வேண்டும் என்றுதான் அப்படி, என்று ஏதோ சொன்னேன்.

“படம் நல்லாத்தான் கீது. டீக்கடைல காட்டுனாங்க. வெயில்ல செவுத்துக்குப் பின்னாடி குந்திக்கினு இருந்தமே சார், அத்தயாவது எய்தியிருக்கலாமில்ல.”

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

பிறகு நேராகவே கேட்டார். ஆபீசுக்கு வந்து, அங்கே நாங்கள் இருந்ததைப் பார்த்தேன் என்று சொல்வாயா?

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தால் என் பேரில் நிற்கும். எழுதுவதெல்லாம் பொய் என்று நாளைக்கு யாரும் சொல்லலாம். பதிப்பாளர் என்ன நினைப்பார்? இவ்வளவும் சாக்கில் உட்கார்ந்தபடி யோசித்தேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சின்னா போ சார்,” என்றார்.

எழுந்து, வாங்க போகலாம் என்றேன்.

போகும் வழியில்தான் ஞாபகம் வந்தது. துணிகளை எடுக்கச் சொல்வதற்கு முன்னால், வெளிச்சம் பார்க்கப் போனில் சில படங்கள் எடுத்திருந்தேன். அவற்றை அழிக்காமல் விட்டது சோம்பேறித்தனத்தால்தான். போனில் தேடியதில் ஏழு படம் கிடைத்தது. கொடியில் துணி, அடுப்பு, பாத்திரம், கதவருகே கன்னியம்மா. ஒரு படத்தில் டிக்கெட் கவுண்டர் சுவரில் ஒரே ஆணியில் பல வருடத்து காலண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. உத்திரமேரூரில் ஒரு ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டோம். படம் ஒன்று இருபது ரூபாய். கன்னியம்மா தன் படத்தை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

2.45. தாலுகா அலுவலகம். வெள்ளைத்தாளில் எழுதினேன்: அந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதி உண்மையல்ல; இவர்கள் அங்கே குடியிருந்ததை நேரில் பார்த்தேன்; இவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் படமெடுத்தவன் நான். கீழே கையெழுத்துப் போட்டேன்.

விசாரித்த பெண் அதிகாரி தாளை இரண்டு முறை படித்தார். படங்களை மேசையில் பரப்பிப் பார்த்தார்.

“நேர்ல பாத்திருக்கீங்க. அப்புறம் ஏன் சார் அப்படி எழுதினீங்க?”

கன்னியம்மாவும் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த உண்மை ஒன்றுதான்.

“படிக்க அழகா இருக்கும்னு.”

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மறுபடி இடத்துக்கு வந்து விசாரிக்கிறோம், இந்தத் தாளையும் படங்களையும் கோப்பில் சேர்க்கிறோம் என்று கன்னியம்மாவிடம் சொன்னார். வேறு உறுதி எதுவும் தரவில்லை.

5.10. செங்கல்பட்டு பஸ். கன்னியம்மா மகளிர் இலவச பஸ் பிடிக்க முன்பே போய்விட்டார். மதியம் சாப்பிட்டீர்களா என்று நான் அவரைக் கேட்கவே இல்லை என்பது படாளம் தாண்டும்போதுதான் உறைத்தது. இதழாசிரியருக்குப் போன் செய்தேன். திருத்தம் போடுகிறோம் என்றார். எட்டுப் பக்கத்துக்கு எதிரே நான்கு வரி. பதிப்பாளரிடம், இந்த நிலையில் புத்தகம் வேண்டாம், அந்தக் கொட்டகைகளில் இருந்தவர்களிடம் முதலில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தேன். நான் இந்த வீட்டில் இருக்கிறேன் என்பதற்கு என்னிடம் ஒரு தடித்த கோப்பு இருக்கிறது. கரண்ட் பில், கேஸ் புத்தகம், வீட்டு வரி ரசீது, நானே வரைந்த பிளான். பதினொரு வருடம் ஓரிடத்தில் வாழ்ந்தவருக்கு, அழிக்க மறந்த ஏழு படம்.

இப்போது எழுதியிருக்கும் இதை அனுப்புவதற்கு முன் ஏழுமலையின் போனுக்கு அழைத்து, கன்னியம்மாவிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். ஊர் பேரை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். தங்கள் பேர் இருக்கட்டும் என்றார்.

“நீ வெக்கப்பட்டது நெறைய கீது சார். நாங்க எங்க கீறோம்னு கொஞ்சூண்டுதான் கீது,” என்றார்.

அதைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றேன். ஏழுமலை போனைப் பிடித்துக்கொள்ள, கன்னியம்மா காலால் அடிவைத்து அளந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். ஏரியின் வடகரை, மதகிலிருந்து இருபது தப்படி. நீளம் பதினோரு அடி, அகலம் எட்டு. மூங்கில் கால்கள், மேலே நீலத் தார்ப்பாய், மூன்று பக்கம் ஓலை, ஒரு பக்கம் பழைய தகரம். அடுப்பு வெளியே, வேப்பங்கன்றுக்குக் கீழே. மழை பெய்தால் தெற்குப் பக்கமாகத் தண்ணீர் வரும். இப்போது மண் அணைத்திருக்கிறார்கள். வாசல் கிழக்கு பார்த்தது.