பெயர் வெட்டப்பட்ட ஆறு எழுத்தாளர்கள்

படத்துக்குக் கண்ணாடி போடுகிறவனுக்கு எல்லாத் தெய்வமும் ஒரே வேலைதான்: நாலு சட்டம், ஒரு கண்ணாடி, பின்னால் ஓர் அட்டை. கடையில் உட்கார்ந்து ஊருக்குப் பதில் சொல்லிப் பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன், மற்றவர்கள் சிரிப்பார்கள்.

தலை பெரிது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு வாக்கில் திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் கடை. வத்தலக்குண்டு ஆங்கில ஆசிரியர் ஞானமுத்து சார் ஆறு வண்ணப் படங்கள் கொண்டுவந்தார். விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் வாரப் பத்திரிகை ஒன்று, இதழுக்கு ஒரு பிரபலம் என்று போட்ட கேலிச்சித்திரங்கள். ஆறு பேரும் எழுத்தாளர்கள். கொடைக்கானல் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது கேட்டு வாங்கினாராம். வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறார். அன்று அவற்றைப் பள்ளி வாசகசாலைக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

கேலிதான், பகை இல்லாத கேலி. பூசணிக்காய்த் தலை, தீக்குச்சிக் கால். அதற்குள் மனிதர் முழுசாக நின்றார். சட்டம் அறுக்கும் என் மைத்துனன் சோலைக்கு இதைச் சற்று நீளமாகவே விளக்கினேன். கேட்டுவிட்டுச் சொன்னான்: "ஏன் மச்சான், இம்புட்டுத் தலைய வச்சுக்கிட்டு இந்தக் காலு எங்கிட்டு நடக்கும்?"

நிலக்கோட்டைக்காரர்

கண்ணாடி போடக் கொடுத்த முருகன் படத்தை வாங்க வந்த மல்லிகைத் தோட்டக்காரர் ஒருவர், மேசையில் கிடந்த நாவலாசிரியர் முன்னால் நின்றுவிட்டார். ஒரு புருவம் ஏறி, கை கோட்டுப் பையில் செருகி, முதுகு லேசாக வளைந்த உருவம். யாரென்று நான் சொல்லவில்லை. (சொல்லத் துடித்தேன் என்பது வேறு.) செத்த நேரம் பார்த்தவர், நான் படித்த எந்த முன்னுரையும் சொல்லாததைச் சொன்னார்: "இந்தாளு அடுத்த வீட்டுச் சண்டைய ஒட்டுக் கேட்டுட்டு, சிரிப்ப அடக்கிக்கிட்டு நிக்காரு."

கத்தரி

காலண்டர் சாமி படத்தின் அடியில் புகையிலைக் கடைப் பெயர் இருக்கும். பூசையறையில் யாரும் புகையிலையைக் கும்பிடுவதில்லை என்பதால், அதை வெட்டிவிட்டுத்தான் கண்ணாடி போடுவோம்.

வியாழக்கிழமை நான் மதுரைக்குக் கண்ணாடி வாங்கப் போயிருந்தேன். திரும்பியபோது ஆறு எழுத்தாளர்களும் சட்டத்துக்குள் இருந்தார்கள். அடியில் அச்சிட்டிருந்த பெயர்களைக் காணோம். துண்டுகள் பசை காய்ச்சும் அடுப்பில் எரிந்து முடிந்திருந்தன. நாலு பேரை எனக்கு அடையாளம் தெரிந்தது. தாடிக்காரர்கள் இருவரில் எவர் கவிஞர், எவர் சரித்திர ஆசிரியர் என்பதில் என் படிப்பு நின்றுபோயிற்று. சோலை சொன்னான்: "அடியில இங்கிலீசுல இருந்துச்சு மச்சான். எந்தக் கடையோன்னு வெட்டிப்புட்டேன்."

வெள்ளிக்கிழமை

சார் வந்ததும் சொல்லிவிட்டேன். வெட்டிய ஓரத்தைக் கண்ணாடி மேலேயே விரலால் தடவினார். பிறகு ஆறையும் சுவரோரம் சாய்த்து வைத்து, ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார். தாடிகளிடம்கூடத் தயங்கவில்லை. படத்தில் கவிஞர் தொப்பி கையில் இருப்பதையே மறந்திருந்தார். சரித்திர ஆசிரியர் யாரோ பறிக்க வருவதுபோல் தன் தொப்பியைப் பிடித்திருந்தார். வரைந்தவன் கவனித்திருக்கிறான். நான் கவனிக்கவில்லை.

முன்னால் பெயர்ச் சீட்டு ஒட்டித் தருகிறேன் என்றேன். தலையை ஆட்டி மறுத்தார்: "வேணாம்ப்பா. பேரு இருந்தா பையங்க அதப் படிச்சிட்டுப் போயிருவானுங்க, மூஞ்சியப் பாக்க மாட்டானுங்க. பின்னாடி அட்டையில எழுதிக் குடு. வேணுங்கிறவன் திருப்பிப் பாக்கட்டும்."

ஆறு பெயர்களையும் அட்டையில் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தேன். ஆனால் பொடி எழுத்தில் இருந்த ஓவியர் பெயரும் அந்தத் துண்டுகளோடு போய்விட்டதால், சாரும் நிலக்கோட்டைக்காரரும் நானும் உண்மையில் வியந்த ஆள் யாரென்று மூவருக்குமே தெரியாது.