அரைவாசி அச்சான கண்ணீர் அஞ்சலி

சூறாவளியைப் பற்றிக் கதைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒருநாளும் அதற்குள் அகப்படாதவர்கள். கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவை நோக்கிப் பெரும் சூறாவளி ஒன்று போய்க்கொண்டிருந்த அந்த வாரத்தில் இதை நான் நன்றாகத் தெரிந்துகொண்டேன். இங்கே நாவற்குடாவில் கச்சான் காற்று புழுதியை அள்ளி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு துளி மழை இல்லை. என் கைபேசியில் மட்டும் நடுவில் ஓட்டை விழுந்த ஒரு வெள்ளைச் சுருள் மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. அதன் வழியில் கடுகளவில் ஒரு தீவு. அங்கே என் சிநேகிதியும் அவளுடைய கணவரும் இருந்தார்கள்.

சுனாமிக்குப் பிறகு ஓர் உதவிக் குழுவோடு அந்தத் தீவிலிருந்து எங்கள் பக்கம் வந்தவர்கள் அவர்கள். அவள் பிரசவம் பார்க்கும் தாதி. அவர் வள்ளம் கட்டும் தச்சர். குழுவில் வந்த மற்றவர்கள் எங்கள் பிள்ளைகளைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொண்டு ஆறு மாதத்தில் போய்விட்டார்கள். இவர்கள் தேற்றாத்தீவுக் கிராமத்தில் ஒரு தகரக் கொட்டிலில் இரண்டு வருடம் இருந்தார்கள். வீடு இழந்து நாங்களும் அப்போது அங்கேதான் இருந்தோம். அடுத்த மாரியில் ஒரு நாள் வெள்ளம் தெருவை மூடியது. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல், பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு வாங்குகளைச் சேர்த்துப் போட்டு, என் மகளை அவள்தான் கையில் எடுத்தாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் ‘கா’ என்ற சொல் அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆங்கிலத்தில் பேசினாலும் வசனத்தின் கடைசியில் ஒரு ‘கா’ போடுவாள். மகள் அவளைப் பெரியம்மா என்பாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் கதைப்பார்கள். மகள் இப்போது வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறாள். என்னிடம் சொல்லாததையும் அவளிடம் சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

நான் கணிதம் படிப்பிக்கிற ஆள். பள்ளிக்கூட ஓய்வறையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், பக்கத்து நாற்காலி ஆசிரியை கேட்டா.

“என்ன மிஸ், முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?”

சொன்னேன்.

“உங்கட சொந்தமா?”

“இல்ல.”

“அப்ப ஏன் மிஸ் இவ்வளவு யோசின?”

விளையாட்டு ஆசிரியர் கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். “அது கிரிக்கட் விளையாடுற நாடுதானே. அவங்க நல்ல திடகாத்திரமான ஆக்கள். ஒண்டும் ஆகாது.”

இவர்களிடம்தான் எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். எழுபத்தெட்டுச் சூறாவளியில் தென்னை முழுதாய்ப் படுத்த ஊர் இது. அதைப் பார்த்தவர்களின் பிள்ளைகளுக்குச் சூறாவளி என்றால் தொலைக்காட்சியில் ஓடும் சிவப்பு எழுத்து. ஒருவர் வேகம் சொன்னார். இன்னொருவர் அதை விடக் கூடிய வேகம் சொன்னார். ஏலத்தில் கேட்கிற மாதிரி ஏற்றிக்கொண்டே போனார்கள்.

என் சிநேகிதியும் அவர்களை விடத் திறம் இல்லை. நான்கு நாள் முன்பிருந்தே நான் எடுத்துச் சொன்னேன். அவர்களுடைய தீவில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் கல்லால் கட்டிய மண்டபம் ஒன்று இருக்கிறது. அங்கே போ என்றேன்.

“இவர் வரமாட்டாராம் கா. புது வள்ளம் முக்கால்வாசி முடிஞ்சுது. அத விட்டுட்டு வரமாட்டாராம்.”

“வள்ளம் காத்தத் தடுக்குமா?”

“அதத்தான் நானும் கேட்டன். கூரைத் தகரத்த நானே ஆணி அடிச்ச, அது போகாது எண்டு சொல்றார்.”

அறுபத்தைந்து வயது மனிதர் தன்னுடைய ஆணியை நம்புகிறார். வேறு ஆளாக இருந்தால் நான் தொலைபேசியை வைத்திருப்பேன். வைக்கவில்லை. எழுபத்தெட்டில் எனக்கு ஆறு வயது. அன்று காற்று திடீரென்று நின்றது. எல்லாம் முடிந்தது என்று நினைத்து, சித்தப்பா மாட்டைப் பார்க்கப் போனார். சூறாவளியின் நடு ஓட்டை எங்களுக்கு மேலே நின்றிருந்தது என்று அவருக்குத் தெரியாது. மறுபக்கத்துக் காற்று எதிர்த்திசையிலிருந்து வந்தபோது அவர் வேலிக்கும் புளிய மரத்துக்கும் நடுவில் இருந்தார். இதை அவளுக்கு மூன்று தரம் சொன்னேன். காற்று நின்றால் அவரை வெளியே விடாதே. வாசலில் குந்து. தேவையென்றால் அவருக்கு மேலே குந்து.

“சரி கா, சரி கா” என்றாள்.

மகளுக்கு மட்டும் பொய் சொன்னேன். அவளுக்கு அந்தக் கிழமை சோதனை. “பெரியம்மாக்கள் மண்டபத்துக்குப் போயிட்டாங்க மனே, நீ படி” என்றேன்.

கடைசிக் குரல்பதிவு ஒரு காலையில் வந்தது. நான் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன். அங்கே முதல் நாள் இரவு. “குளியலறைக்குள்ள போறம் கா. அதுக்கு மட்டும் மேல கொங்கிரீட்டுத் தட்டு. மெத்தையைக் கதவுக்கு வச்சிருக்கு. நாளைக்குக் கதைக்கிறன். மகளுக்குச் சொல்லாத. சோதனை எழுதட்டும்.” அவளுடைய குரலுக்குப் பின்னால், வீட்டு வாசலில் பெரிய லொறி ஒன்று இயந்திரத்தை நிறுத்தாமல் நிற்பது போல ஒரு சத்தம்.

அதன் பிறகு ஒன்றும் இல்லை. அன்று பகலும் இல்லை, அடுத்த நாள் காலையும் இல்லை. நான் அனுப்பிய செய்திகளுக்குப் பக்கத்தில் ஒற்றைச் சரி அடையாளம் மட்டும் நின்றது.

இரண்டாம் நாள் இடைவேளையில் கைபேசி அதிர்ந்தது. ஓடிப்போய் எடுத்தேன். எங்கள் குடும்பக் குழுமம். அனுப்பியவர் அக்காவின் கணவர்.

அத்தானுக்குச் செங்கலடிச் சந்தியில் பதாகை அச்சிடும் கடை. கலியாணம், சாமத்திய வீடு, தேர்தல் எல்லாம் அடிப்பார். ஆனால் அவருடைய உயிர் கண்ணீர் அஞ்சலியில்தான் இருக்கிறது. ஒருவர் மூச்சு நின்று உடம்பு ஆறுவதற்குள் அவருடைய அஞ்சலி எங்கள் கைபேசிகளுக்கு வந்துவிடும். வேறு கடைக்காரன் முந்திவிட்டால் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடமாட்டார்.

படத்தைத் திறந்தேன். இரண்டு குத்துவிளக்கு, ஒரு புறா, உதிரும் ரோசாப்பூ. நடுவில் என் சிநேகிதியும் அவளுடைய கணவரும். அக்கா மகளின் சாமத்திய வீட்டில் எடுத்த படத்திலிருந்து முகங்களை மட்டும் வெட்டி எடுத்திருந்தார். கழுத்துக்குக் கீழே அவருக்குக் கறுப்புக் கோட்டும் சிவப்பு ரையும். எங்கள் ஊரில் இருந்த இரண்டு வருடமும் அரைக்காற்சட்டையைத் தவிர வேறு உடுப்பு போடாத மனிதர். அவளுக்குப் பட்டுச் சேலை. நெற்றியில் பொட்டு. ‘கடற்கோளில் காவியமான எங்கள் கலங்கரை விளக்குகளே’ என்று கீழே. கடற்கோள் என்றால் சுனாமி; அழிவின் பெயரையாவது சரியாகப் போட்டிருக்கலாம். கடையின் பெயர் அதை விடப் பெரிய எழுத்தில் இருந்தது.

அதற்குக் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். சித்தி, மாமா, கொழும்பில் இருக்கிற மச்சான், லண்டனில் இருக்கிற மச்சாள். சாவு அறிவித்தல் வந்தால் கை கூப்பாமல் விடுவது எங்கள் குடும்பத்தில் சாவு வீட்டுக்குப் போகாமல் விட்ட மாதிரி. வருடக்கணக்கில் சொல்லிக்காட்டுவார்கள்.

எனக்கு அத்தானைப் பற்றி எல்லாம் தெரியும். ஆனாலும் அந்த மாலையும் விளக்கும் என்னை என்னவோ செய்துவிட்டன. இவருக்கு எங்கிருந்தோ செய்தி வந்திருக்கிறது, தேற்றாத்தீவு ஆட்கள் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். என் விரல் போய்க் கூப்பிய கையை அழுத்தியது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

அத்தான் தொலைபேசியை எடுக்கவில்லை. அரைநாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். மகளிடம் போக வேண்டும், அவள் வேறு யாரிடமும் கேட்பதற்கு முன் நான் சொல்ல வேண்டும் என்பது ஒரு பக்கம். சந்தியில் இறங்கி அத்தானிடம் எப்படித் தெரிந்தது என்று கேட்காமல் போகவும் முடியவில்லை.

கடைக்குள் பெரிய இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

“வாங்க மச்சாள். மனசு சரியில்ல. அவங்க எங்கட ஆக்கள் மாதிரித்தானே.”

“ஆர் சொன்ன அத்தான்?”

“என்னத்த?”

“அவங்க போயிட்டாங்க எண்டு ஆர் சொன்ன?”

“ஆர் சொல்லணும்? டிவில காட்டுறான், தீவு முழுக்கச் சப்பளிஞ்சு போச்சு. நீங்களும் ரெண்டு நாளா ஒரு கதையும் இல்ல. அக்காதான் சொன்னா, தங்கச்சி கதைக்கல்ல எண்டா ஏதோ நடந்திட்டு எண்டு.”

“நான் கதைக்காட்டி அவங்க செத்ததா?”

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். “நீங்களும் கும்பிட்டீங்கதானே மச்சாள். நீங்க கும்பிட்டாப் பிறகுதான் நான் பெரிசுக்குக் குடுத்த. அது வரைக்கும் ஒரு யோசினையாத்தான் இருந்த.”

அப்போதுதான் இயந்திரத்தின் வாயிலிருந்து என்ன வந்துகொண்டிருக்கிறது என்று பார்த்தேன். கட்டில் அகலத்தில் பதாகை. தேற்றாத்தீவுச் சந்தியில் கட்டுவதற்கு. குத்துவிளக்கும் புறாவும் வந்துவிட்டன. தச்சருடைய முகம் மூக்கு வரைக்கும் வந்திருந்தது. நான் அவரை நம்பினேன். அவர் என்னை நம்பினார். எங்கள் இருவருக்கும் நடுவில் இரண்டு மனிதர்கள் வரி வரியாகச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

“நிப்பாட்டுங்க.”

“அரைவாசி அடிச்சாச்சு மச்சாள். இனி நிப்பாட்டினா முழுக்க வீண்.”

சுவரில் இருந்த சுவிட்சை நானே அணைத்தேன். இயந்திரம் முனகி நின்றது.

வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. மகள் இறங்கினாள். செருப்பு மாறிப் போட்டிருந்தாள், ஒன்று கறுப்பு, ஒன்று மண்ணிறம். உள்ளே வந்து என்னைக் கண்டதும் நின்றாள்.

“எப்ப நடந்த அம்மா?”

“நடக்கல்ல மனே. தெரியாது. ஒண்டும் தெரியாது. பெரியப்பா சும்மா அடிச்சது.”

“பெரியப்பா அடிச்சா நான் சிரிச்சிருப்பன். பெரியப்பா போன கிழமை பக்கத்து வளவுப் பெரியவருக்கு அடிச்சு, அந்தாள் ஆஸ்பத்திரில இருந்து எழும்பி வந்து ஏசினதுதானே.” அத்தான் மேசையில் எதையோ தேடினார். மகள் என் பக்கம் திரும்பினாள். “உங்கட கும்பிடு வந்ததப் பாத்துத்தான் நான் நம்பின. நீங்க தெரியாமக் கும்பிடமாட்டீங்க எண்டு நினைச்ச.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் மணிக்கூடு இருந்தது. பின்னேரச் சோதனை தொடங்கி அரைமணி நேரம் கழிந்திருந்தது.

“சோதனை?”

“போகல்ல.”

“இப்ப ஓடினா...”

“விட மாட்டாங்க அம்மா.”

அத்தான் குளிரூட்டியைத் திறந்து, “சோடா ஒண்டு எடுக்கட்டா மனே?” என்று கேட்டார். உலகத்தில் எந்த அழிவுக்கும் இவரிடம் ஒரு சோடா இருக்கும். மகள் வேண்டாம் என்றாள். நான் வாங்கிக் குடித்தேன். தொண்டை அவ்வளவு காய்ந்திருந்தது.

இன்னும் ஒரு நாள் போனது. மகள் வளாகத்துக்குத் திரும்பாமல் என்னோடு வீட்டுக்கு வந்திருந்தாள். என்னோடு அதிகம் கதைக்கவில்லை. மறுநாள் மாலை விளக்கு வைக்கிற நேரம் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியைப் போட்டேன்.

“கா, உயிரோட இருக்கிறம்.”

மகளைக் கூப்பிட்டேன்.

யாரோ ஒருவருடைய தொலைபேசியோடு மலையடியில் நின்று கதைக்கிறாள். வள்ளம் போய்விட்டது. கூரை முழுவதும் போய்விட்டது. ஆணிகள் மட்டும் மரத்தில் நிற்கின்றனவாம்.

“காத்து நிண்டதா?” என்று கேட்டேன்.

“நிண்டது கா.”

“அவர வெளிய விட்டியா?”

“நான் வாசல்ல குந்தின. என்னத் தூக்கி ஒரு பக்கம் வச்சிட்டுப் போனார். ஆயுதப் பெட்டியை எடுத்து வரப் போனாராம். உனக்குத் தெரிஞ்ச ஏச்செல்லாம் தமிழில ஏசின. காத்து மற்றப் பக்கத்தால தொடங்கக்குள்ள பெட்டியோட உள்ள விழுந்தார். ஒரு நிமிசம் பிந்தியிருந்தா இல்ல.”

ஒரு உளிப் பெட்டிக்காக. என் சித்தப்பா ஒரு மாட்டுக்காக. ஆண்களுக்கு உலகத்தின் எந்தக் கரையிலும் ஒரே புத்திதான். அவர் பக்கத்தில் நின்று சிரிப்பது கேட்டது. எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது.

“கா, இந்தப் பொடியன்ட போனில என்ட பேஸ்புக்கத் திறந்து உங்கட அஞ்சலிப் படம் பாத்தன். தேற்றாத்தீவால எத்தின பேர் அனுப்பியிருக்காங்க. இவருக்கு ஆர் கோட்டுப் போட்ட? எங்கட கலியாணத்துக்கே போடாத மனிசன்.” அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “பெரிய பதாகையும் அடிச்சதாமே. அத அனுப்பு கா. எங்களுக்குக் கூரைக்குப் போட ஒண்டும் இல்ல.”

மகள் சிரித்தாள். மூன்று நாளில் முதல் தரம். நான் சிரிக்கவில்லை. இன்றைக்கும் அந்தப் பகிடிக்கு எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பிறகு அவள் குரலை மாற்றிக் கேட்டாள். “மகள், சோதனை எழுதினியா? அம்மா உனக்குச் சொல்லல்லதானே?”

மகள் தொலைபேசியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“எழுதின பெரியம்மா. நல்லா எழுதின.”

“அதுதான் எனக்குப் பயம் கா, எங்களால இவள்ட படிப்புக் கெட்டுப் போயிருமோ எண்டு.”



அன்றிரவே அத்தான் குழுமத்தில் இன்னொன்று அடித்துப் போட்டார். ‘இறையருளால் உயிர் மீண்ட எங்கள் கலங்கரை விளக்குகள்.’ அதே கோட்டு, அதே சேலை, குத்துவிளக்குக்குப் பதிலாகப் பலூன். சித்தி, மாமா, மச்சான், மச்சாள் எல்லோரும் கை கூப்பியிருந்தார்கள். நான் எதையும் அழுத்தவில்லை. அதற்கும் அக்கா எடுத்துக் கேட்டா, உனக்குச் சந்தோசம் இல்லையா என்று. அரைவாசி அச்சான பதாகை இப்போது அத்தான் வீட்டுக் கோழிக்கூட்டுக்கு மேலே கிடக்கிறது.

மகள் அந்தச் சோதனையை வரும் வருடம் திரும்ப எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மா கேட்கிறாள், பெறுபேறு வந்ததா என்று. இன்னும் வரவில்லை என்கிறாள் மகள். அந்த நேரத்தில் நான் குசினியில் கழுவிய கோப்பைகளைத் திரும்பக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.