கலாக்காவின் பெரட்டு

இந்த வருடத் திருவிழா நல்லபடியாக முடிந்துவிட்டது. அதனால் போன வருடம் நடந்ததை இப்போது சொல்லலாம்.

ஈப்போவில், புந்தோங் அடுக்குமாடியில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு கலாக்காவுடையது. முழுப்பெயர் கலாதேவி. வயது நாற்பத்தொன்று. பிஸ்கட் தொழிற்சாலையில், டின் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அவருடைய அப்பா பிச்சைமுத்துவும் அவருடன்தான் இருக்கிறார். கம்பு ஊன்றி நடப்பார்.

கலாக்காவுக்கு ட்ரோன் கிடைத்தது ஒரு பேரங்காடியின் அதிர்ஷ்டக் குலுக்கலில். அவர் ஆசைப்பட்டது ரைஸ் குக்கருக்கு. விழுந்தது முதல் பரிசு. நான்கு றெக்கையும் வயிற்றில் ஒரு கேமராவும் வைத்த, ஒரு கையில் அடங்குகிற பொருள். பிச்சைமுத்து மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குக்கரா இருந்தா கஞ்சியாவது காச்சலாம்லா. இதுல என்ன காச்சுவ?" என்றார்.

அக்கா அதை விற்கவில்லை. ஞாயிறு காலைகளில் அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் திடலுக்குக் கொண்டுபோய்ப் பழகினார். நானும் கூடப் போவேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பெட்டி பிடிக்க வரும். ஆறு மாதத்தில் அக்கா அதைத் தன் கால் பெருவிரலுக்கு முன்னால் இறக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

கலாக்கா பிறந்தது சுங்காய்ப் பக்கம், ஏழாங்கட்டைத் தோட்டத்தில். இப்போது அங்கே ரப்பர் மரமும் இல்லை, லயத்து வீடுகளும் இல்லை. எல்லாம் செம்பனை. மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. ஈப்போ, தெலுக் இந்தான் என்று சிதறிப் போனவர்கள் திருவிழாவுக்கு அங்கே கூடுவார்கள். கோயில் தலைவர் குலசிங்கம் ஐயா, நில அளவை இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த அவருடைய அப்பா அந்தத் தோட்டத்தில் கிராணியாக இருந்து பேரேட்டில் பெயர் குறித்தவர்.

போன வருடம் பால்குடம் புறப்படுவதை மேலிருந்து படம் எடுத்துத் தரும்படி குலசிங்கம் ஐயாதான் கேட்டார். அக்கா ட்ரோனைக் கோயிலுக்குக் கொண்டு போனதும் பூசாரி ஐயாவு அண்ணன், "புதுப் பொருளு, அப்படியே மேல ஏத்தக்கூடாதும்மா" என்று அம்மன் காலடியில் வைத்துத் தீபம் காட்டினார். கார் வாங்கினாலும் மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் நாம் செய்வதுதான். பூசை முடிந்து பெட்டியில் வந்தது.

கிளம்பும் முன் அக்கா கைப்பேசியைப் பார்த்தபடி என்னிடம் கேட்டார். "தினேசு, கண்ணெல்லாம் சுத்தமா இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

நான் குனிந்து பார்க்கவில்லை. சுற்றிலும் ஆட்கள் நின்று எங்களையே பார்த்துக் கொண்டிருந்தார்கள். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

ட்ரோனின் அடிவயிற்றில் இரண்டு சின்னக் கண்கள் உண்டு. தரை எவ்வளவு கீழே இருக்கிறது, நின்ற இடத்திலேயே நிற்கிறோமா என்பதை இறங்கும்போது அது அந்தக் கண்களால்தான் பார்க்கும். ஐயாவு அண்ணன் கண் மாதிரி இருந்த அந்த இரண்டு இடத்திலும் வட்டமாக இரண்டு சந்தனப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்.

மேலே போனது நன்றாகத்தான் போனது. அரசமர நிழலில் இறங்கும்போது தரை தெரியாமல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனது. அக்கா விசையை இழுத்தும் நிற்கவில்லை. பால்குடம் எடுத்து நின்ற வீரம்மா அத்தையின் காலுக்கு ஒரு சாண் தள்ளி மோதி விழுந்தது. அத்தை பயந்து ஒதுங்கியதில் பால் முழுவதும் மண்ணில் கொட்டிவிட்டது. அவர் நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தவர்.

குலசிங்கம் ஐயா ஓடிவந்தார். "என்ன கலா இது? வீரம்மாவுக்கு மேல விழுந்திருந்தா?"

"என் தப்புத்தான் ஐயா" என்றார் அக்கா. பூசாரியைச் சொல்லவில்லை. என்னையும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது காரில் ட்ரோனைக் கவிழ்த்துத் துடைத்தார். துணியில் மஞ்சளும் சிவப்பும் ஒட்டிக்கொண்டு வந்தன. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எட்டு நாள் எதிர்வீட்டுக் கதவைத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. ஒன்பதாம் நாள் போய், "நான் பாக்காமலே இருக்குன்னு சொல்லிட்டேன்க்கா" என்றேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உள்ளறையில் படுத்திருந்த அப்பாவைத் தலையால் காட்டினார்.

"அப்பா கால் எப்படிப் போச்சுன்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது என்றேன்.

அக்காவுக்கு எட்டு வயதாக இருந்தபோது நடந்தது. தோட்டத்தில் விடிவதற்கு முன் பெரட்டு நடக்கும். எல்லாரும் ஆபீஸ் முன்னால் வரிசையில் நிற்பார்கள். பெயரைக் கூப்பிட்டதும் 'இருக்கேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். யாராவது வரத் தாமதமானால் பக்கத்தில் நிற்பவர் அவருக்கும் சேர்த்துக் குரல் கொடுத்துவிடுவார். ஒரு நாள் கூலி போகக் கூடாதே என்கிற நல்ல எண்ணம்தான். அன்றைக்குப் பிச்சைமுத்து மாமாவுக்கு அவருடைய கூட்டாளி பத்துமலை குரல் கொடுத்திருக்கிறார். மாமாவோ பெரட்டுக்கு வரும் வழியில் இருட்டில் வடிகால் கான் தடுக்கி உள்ளே விழுந்து, கால் முறிந்து கிடந்திருக்கிறார். பேரேட்டில் இருக்கிறார் என்று எழுதியிருந்ததால் யாரும் தேடவில்லை. பதினொரு மணிக்குத்தான் கண்டார்கள்.

"பத்துமலை மாமா கெட்டவரு இல்ல தினேசு. சாகுற வரைக்கும் எங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் அழுவாரு" என்றார் அக்கா. "இருக்குன்னு சொல்லிட்டா அப்புறம் யாரும் தேட மாட்டாங்க. அவ்வளவுதான்."

பிறகு ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டை எடுத்துவந்தார். ட்ரோனுடன் வந்த கையேட்டைப் பார்த்தும், தொழிற்சாலையில் தான் டின்களைப் பார்க்கும் முறையை நினைத்தும், தமிழில் ஒவ்வொரு வரியாக எழுதினார். மேலே 'பெரட்டு' என்று தலைப்புப் போட்டார். விதி ஒன்றுதான். அக்கா பெயர் கூப்பிடுவார். நான் அந்தப் பொருளை விரலால் தொட்ட பிறகுதான் 'இருக்கு' என்று சொல்ல வேண்டும். தொடாமல் குரல் கொடுத்தால் முதலில் இருந்து கூப்பிடுவார். ஆரம்பத்தில் ஒரு காலையில் மூன்று தடவை முதலில் இருந்து கூப்பிட்டிருக்கிறார். பிச்சைமுத்து மாமா ஜன்னலில் இருந்து, "கிராணி ரொம்ப கண்டிப்புலா" என்று கத்துவார்.

இந்த வருடம் திருவிழா நெருங்கியபோது அக்கா தானாகவே குலசிங்கம் ஐயா வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் நின்றேன். இன்னொரு முறை விடும்படி கேட்டார். போன வருடத்தில் இருந்து தோட்டத்து ஆட்கள் அவரைப் பார்த்தால், 'பாலைக் கொட்டின கலா' என்றுதான் அடையாளம் சொன்னார்கள். அது அவரை அரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

ஐயா நோட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். "அப்பா சொல்லுவார், உங்கட ஆக்கள் இல்லாதவனுக்கும் குரல் குடுப்பாங்கள் எண்டு" என்றார்.

"அதுக்குத்தான் ஐயா இந்த நோட்டு" என்றார் அக்கா.

ஐயா நோட்டை மூடிக் கொடுத்தார். பிறகு, "அனுமதிக் கடிதம் நான் எடுத்துத் தாறன். சனங்களுக்கு மேல போகக்கூடாது. இந்த முறையும் ஏதும் நடந்தா, இனி இந்தக் கோயில்ல ட்ரோன் எண்ட பேச்சே இல்ல" என்றார்.

திருவிழா அன்று காலை அரசமரத்தடியை விட்டுவிட்டு, பழைய பந்துத் திடலில் கயிறு கட்டி இடம் பிடித்தோம். ஆட்கள் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். ஐயாவு அண்ணன் இந்த முறையும் ட்ரோனைக் கேட்டு வாங்கினார். "பொட்டு வேணாண்ணே, கண்ணு மறைக்குது" என்று அக்கா கெஞ்சாத குறையாகச் சொன்னார். அவர் சிரித்தபடி, "வைக்கல வைக்கல. சும்மா காலடியில வெச்சு எடுத்துக்கிறேன்" என்று கொண்டுபோனார். திரும்பி வந்ததும் அடிவயிற்றைக் கவிழ்த்துப் பார்த்தோம். பொட்டு இல்லை. அக்காவின் முகத்தில் அப்போதே பாதி நிம்மதி வந்துவிட்டது.

மேளம் கோயில் வாசலில் கேட்டது. பால்குடம் புறப்படப் போகிறது. அக்கா நோட்டைத் திறந்தார்.

"பேட்டரி."

தொட்டேன். "இருக்கு."

"மெமரி கார்டு."

"இருக்கு."

"கீழ்க்கண் ரெண்டும்."

ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துவிட்டுத் தொட்டேன். "இருக்கு."

கயிற்றுக்கு வெளியே ஜெயபாலன் அண்ணன் நின்றிருந்தார். தோட்டத்து ஆட்களில் கேலி பேசுவதற்கென்றே இருக்கிறவர். "என்ன கலா, சம்பளம் போடப் போறியா? பேரு கூப்பிடுற?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. அக்கா நோட்டில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காத்து."

செம்பனை மட்டைகளைப் பார்த்தேன். நுனி மட்டும் அசைந்தது. "கொஞ்சமா இருக்கு. பறக்கலாம்."

"திரும்பி வர்ற எடம்."

கைப்பேசியில் புள்ளி திடலின் நடுவில் இருந்தது. தொட்டுக் காட்டினேன்.

"றெக்கை. ஒண்ணு."

"இருக்கு."

"ரெண்டு."

"இருக்கு."

"மூணு."

மேளம் கிட்டே வந்துவிட்டது. "சீக்கிரம் விடும்மா, ஊர்வலம் போயிரும் போல" என்று யாரோ சொன்னார்கள். மூன்றாவது றெக்கை என் கைக்கு எட்டாத பக்கம் இருந்தது. கண்ணுக்கு நன்றாகத்தான் தெரிந்தது. 'இருக்கு' என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. நான் முட்டி போட்டு, சுற்றிப் போய், றெக்கைக்குக் கீழே விரலை விட்டேன்.

ஏதோ நூல் தட்டுப்பட்டது.

மஞ்சள் கயிறு. காப்புக் கட்டுகிற கயிறு. பொட்டுத்தானே கூடாது என்று, ஐயாவு அண்ணன் றெக்கையைத் தாங்கும் ட்ரோனின் கையில் மூன்று சுற்றுச் சுற்றிக் காப்புக் கட்டியிருந்தார். முடிச்சுக்கு அப்பால் ஒரு விரல் நீளத்துக்கு நுனி தொங்கியது. றெக்கை சுழன்றிருந்தால் அதை இழுத்துச் சுற்றிக்கொண்டிருக்கும்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குலசிங்கம் ஐயாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றேன்.

குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "மூணு இல்லக்கா. கயிறு இருக்கு."

அக்கா வந்து குனிந்து பார்த்தார். ஐயாவு அண்ணனைக் கூப்பிட்டார். அவர் வந்து பார்த்துவிட்டு, "பாதுகாப்புக்குத்தானேம்மா கட்டினேன்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். காப்பை நடுவில் அவிழ்ப்பது நல்லதில்லையே என்று தயங்கினார். கத்தரிக்கவும் மனம் வரவில்லை. மேளம் திடலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

கலாக்கா தன் வலது கையை நீட்டினார். "அதை அவுத்து எங்கையில கட்டுங்கண்ணே. ஓட்டுறது நாந்தானே. அது எனக்குத்தான்."

ஐயாவு அண்ணன் முகம் தெளிந்தது. மெல்ல அவிழ்த்து அக்காவின் மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

அக்கா நோட்டை எடுத்து, "முதல்ல இருந்து" என்றார். "பேட்டரி."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு பெயருக்கும் குரல் கொடுத்த பிறகு ட்ரோன் எழுந்தது. ஊர்வலத்துக்கு மேலே போகாமல் செம்பனை ஓரமாகவே போனது. கைப்பேசியில் வெள்ளையும் மஞ்சளுமாகக் குடங்கள் ஒரு கோடாக நகர்ந்தன. முன்வரிசையில் வீரம்மா அத்தை. இந்த வருடமும் எடுத்திருந்தார். எட்டு நிமிடம். பிறகு அக்கா அதைத் திருப்பினார். திடலின் நடுவில், தன் கால் பெருவிரலுக்கு முன்னால், புல்லின் மேல் வைத்தார். றெக்கைகள் நின்றன. அப்போதுதான் நான் மூச்சு விட்டேன். அக்காவும் அப்போதுதான் விட்டார் போல. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

குலசிங்கம் ஐயா கயிற்றைத் தாண்டி வந்தார். அக்காவிடம் நோட்டை வாங்கி, சட்டைப் பையில் இருந்து பேனா எடுத்து, கடைசி வரிக்குக் கீழே ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். 'காப்புக் கயிறு ஓட்டுபவர் கையில்' என்று எழுதியிருந்தது. பதின்மூன்றாவது வரி.

பிச்சைமுத்து மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்து கம்பை ஊன்றி எழுந்தார். "எல்லாம் வந்து சேந்துருச்சா?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் முட்டி போட்டு, நான்கு றெக்கையையும் ஒவ்வொன்றாகத் தொட்டேன்.

"இருக்கு மாமா" என்றேன்.