இளவரசிக்குப் பதிலாகப் படுத்திருந்தவள்

சானமாவு பக்கம் அரண்மனை செட் போட்டுப் பெரிய காதல் படம் எடுத்தார்கள். கடைசிக் காட்சியில் இறந்துபோன இளவரசியைச் சுற்றி அழுவதற்கு, மூக்கண்டப்பள்ளி கம்பெனியில் வேலை செய்யும் பெண்களான எங்களை வேனில் கூட்டிப்போனார்கள். லைட் வைத்து முடிக்கும்வரை, கதாநாயகிக்குப் பதிலாக ஒரு பெண் பட்டும் நகையுமாகப் படுத்திருந்தாள். கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு. பக்கத்தில் வந்தவர்களிடமெல்லாம் படுத்தபடியே, "சாப்டீங்களா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

ஒத்திகையிலேயே நான் தேம்பிவிட்டேன்.

"யாருக்கா போய்ட்டாங்க?" என்று படுத்திருந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"தங்கச்சி. ஷிஃப்ட் முடிஞ்சு ஊருக்குப் போறதுக்குள்ள எடுத்துட்டாங்க. மொகத்தக்கூடப் பாக்கல."

பூக்களுக்கு அடியில் என் கையைப் பிடித்தாள். "நான் கண்ண மூடிக்கிறேன். அவகிட்ட சொல்ல வேண்டியதச் சொல்லுக்கா."

சொல்லத் தொடங்கினேன். கதாநாயகி வந்துவிட்டார், எழுந்திரு என்று அவளைப் பார்த்துக் கத்தினார்கள். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் அசையவே இல்லை.